பிளக் மாற்றுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள்

போன வாரம் கந்தப்பளையிலிருந்து ஒரு அண்ணன் தன் பெட்ரோல் கெப்பைக் கொண்டுவந்து நுவரெலியாவில் என் கராஜ் வாசலில் நிறுத்தினார். முப்பது வருஷத்து வண்டி. தம்புள்ளைக்கு லீக்ஸும் கரட்டும் போகும், திரும்பும்போது உரமூட்டை வரும். இறம்பொடை ஏற்றத்தில் இழுக்காமல் குலுங்குகிறதாம். லபுக்கலையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினால் ஸ்லோவில் இடறி இடறி ஓடுகிறதாம். நான்கு மாதமாக இதே கதை.

"மூணு செட் பிளக் மாத்தியாச்சு தம்பி. கொயிலும் மாத்தியாச்சு. காபரேட்டர் ரெண்டு தரம் கழுவியாச்சு."

"கழட்டின பழைய பிளக் எங்கே அண்ணே?"

"அதை வச்சு என்ன செய்ய? எறிஞ்சாச்சு."

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது வண்டி இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மிஸ் அடித்தால், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் இன்ஜின் குலுங்கினால், பொறி கொடுக்கும் பிளக்கை மாற்று என்பது எங்கள் பக்கத்தில் ஒரு வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. புதுப் பிளக் போட்டதும் இரண்டு நாள் வண்டி நன்றாக ஓடும். அந்த இரண்டு நாள்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. நோய் வேறு இடத்தில் இருக்கும். அதனால் பிளக் கரி பிடிக்கும். புதுசு சுத்தமாக இருப்பதால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் அதுவும் கரி பிடிக்கும், மறுபடி குலுங்கும். உடனே "பிளக் டூப்ளிகேட்" என்று கடைக்காரர்மேல் பழி. பாவம், பிளக்கில் ஒரு குறையும் இருக்காது. தயவுசெய்து யோசியுங்கள்: மூன்றாவது செட்டும் மூன்றே நாளில் கெட்டதென்றால், மூன்று செட்டும் கெட்டவையாக இருக்க முடியுமா?

முதலில் தெரியவேண்டியது ஒன்றுதான். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை? இன்ஜினை ஸ்லோவில் விட்டு, பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் மோசமாகத் தள்ளாடும். கழற்றியும் ஓட்டம் மாறவில்லை என்றால் அதுதான் செத்த சிலிண்டர். வெறும் கையால் இழுக்காதீர்கள். ரப்பர் பிடி உள்ள இடுக்கி வேண்டும், கழற்றிய வயரை வண்டியின் இரும்பு பொடியில் தொடவைத்து அர்த் பிடித்து வைக்க வேண்டும், பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கவே கூடாது. பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக் பாஸிடம் விட்டுவிடுங்கள். ஆனால் பாஸ் இதைச் செய்தாரா என்று கேளுங்கள். இதைச் செய்யாமலே சாமான் எழுதிக் கொடுத்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அண்ணனின் வண்டியில் மூன்றாவது சிலிண்டர் செத்திருந்தது. அதன் பிளக்கையும் வயரையும் இரண்டாவதோடு மாற்றிப் போட்டேன். குறை இடம் மாறவில்லை, மூன்றிலேயே நின்றது. அத்தோடு பிளக்கும் வயரும் தப்பித்தன. சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசைப்படி வயர்கள் இருக்கின்றனவா என்றும் ஒருமுறை பார்த்தேன், 1-3-4-2, சரியாகத்தான் இருந்தது. (பிளக் மாற்றிய கையோடு வயரை மாற்றிக் குத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு.) அப்புறம் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கொம்ப்ரஷன் மீட்டரை வைத்தேன். மற்ற மூன்றும் 130 psi அளவில். மூன்றாவது 70.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். "130 என்றால் இன்ஜின் முடிந்தது, ஓவர்ஹோல் செய்யுங்கள்" என்று கொழும்பிலிருந்து யாரோ அவருக்கு போனில் சொல்லியிருக்கிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1868 மீற்றர் உயரம். இங்கே காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 160 காட்டும் இன்ஜின் இங்கே 130 பக்கம்தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சிலிண்டருக்கு சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். கீழ்நாட்டில் டியூன் செய்த காபரேட்டர் இங்கே ஏறியதும் பெட்ரோல் கூடி, பிளக்கைக் கறுப்பாக்குவதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தேன். ஏறவில்லை. பிஸ்டன் ரிங் போயிருந்தால் ஏறியிருக்கும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து பிளக் ஓட்டை வழியாகக் காற்று அடித்தோம். சைலன்சர் வாயில் காதை வைத்த பையன் "இங்கே சீறுது" என்றான். புகையை வெளியே விடும் எக்சோஸ்ட் வால்வுதான் கசிகிறது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், வால்வின் விளிம்பில் சுண்டுவிரல் நகத்தளவுக்குத் தீய்ந்து போயிருந்தது. கிளியரன்ஸ் (வால்வு முழுதாக மூட விடவேண்டிய சின்ன இடைவெளி) இல்லாமல் வால்வு முழுதாக மூடவில்லை, மூடாத வால்வு சூடு தணியாமல் எரிந்துவிட்டது. முதல் மாதமே கொண்டுவந்திருந்தால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை வைத்துச் சரிசெய்து அனுப்பியிருப்பேன்.

எல்லா மிஸ்ஸும் வால்வு இல்லை. பனி இறங்கும் காலையில் மட்டும் இடறி, வெயில் ஏறியதும் சரியானால் பிளக் வயரையும், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் சந்தேகப்படுங்கள். இருட்டில் பொனட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, தள்ளி நின்று வயர்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். மூடியைக் கழற்றி உட்பக்கம் டோர்ச் அடித்தால் பென்சிலால் கீறினதுபோல் ஒரு கரிக்கோடு இருக்கும். அந்த மூடி இனி உதவாது. சூடான பிறகுதான் வருகிறதா? கொயிலைப் பாருங்கள். ஏற்றத்தில் மட்டும் என்றால் பெட்ரோல் பில்டர், அல்லது டாங்கியில் துரு. 2022இல் பெட்ரோல் இல்லாமல் மாதக்கணக்கில் காலி டாங்கியோடு நின்ற வண்டிகளில் இந்தத் துரு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைந்து, ஒரு பிளக் மட்டும் கழுவினதுபோல் வெள்ளையாக இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அந்த வண்டியை ஓட்டவே வேண்டாம்.

"பழைய வண்டி, அப்படித்தான் ஓடும்" என்று ஓட்டுகிறவர்களுக்கும் சொல்கிறேன். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வரும். அந்த ஒயிலோடு ஓடினால் பெயாரிங் போகும். அதைவிடப் பெரிய பயம் எனக்கு இறக்கத்தில்தான். இன்ஜின் இடறி நின்றுவிட்டால், பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமுள்ள வெக்யூம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். இறம்பொடை வளைவுகளில் மூட்டை ஏற்றிய வண்டிக்கு இரண்டு மிதி போதுமா? 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் மறுபடி திறந்தது. புது வண்டி நம்மில் பலருக்கு இன்னும் எட்டாத விலைதான், எனக்குத் தெரியும். இரவில் தோட்டத்திலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு இறங்குவதும் இதே பழைய கெப்தான். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், மிஸ்ஸோடு ஓட்டாதீர்கள்.

சேவிஸ் ஸ்டேஷனில் இன்ஜினுக்குப் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை வால்வு கிளியரன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். கராஜுக்கு வரும்போது கழற்றிய பிளக்குகளை எறியாமல், எது எந்த சிலிண்டர் என்று 1 முதல் 4 வரை எழுதி, ஒரு கடதாசியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். காலையில் மட்டும் வரும் குறை என்றால், முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டுப் போங்கள். விடிய ஐந்தரைக்கு, இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது நான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்.