புரோட்டோடைப்: முன்மாதிரியா, முன்வடிவமா?

மெக்கானிக்கல் மாணவர்களின் கடைசி ஆண்டு ப்ராஜெக்டில் எல்லாமே ‘புரோட்டோடைப்’தான். தெர்மோகோலில் வெட்டி ஒட்டியதற்கும் அதே பெயர், மோட்டார் வைத்து ஓடுவதற்கும் அதே பெயர். ஆனால் இந்தச் சொல்லின் பொருள் இவ்வளவு தளர்வானது அல்ல.

கிரேக்கத்தில் ‘புரோட்டோஸ்’ என்றால் முதல். ‘டைப்போஸ்’ என்றால் அடி, அடித்ததில் பதிந்த தடம், அச்சு. ஆக, முதல் அச்சு. டைப்ரைட்டரில் வரும் ‘டைப்’பும் இதே வேர்தான். இன்று மாணவர்கள் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பாகங்களைச் செய்து பார்ப்பதை நினைத்தால், சொல் பழைய வீட்டுக்கே திரும்பியது போல இருக்கிறது.

அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய பாஹா எஸ்ஏஇ போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மாணவர்கள் கரடுமுரடான தரையில் ஓடும் ஒற்றை இருக்கை வண்டியைத் தாங்களே கட்டுவார்கள். பல அணிகள் முதலில் பிவிசி பைப்பில் கூண்டு கட்டி, ஓட்டப்போகிறவரை உள்ளே உட்காரவைத்துப் பார்க்கும். தலை இடிக்கிறதா, கால் பெடலுக்கு எட்டுகிறதா, அவசரத்தில் சட்டென்று வெளியே வர முடிகிறதா? அளவு பார்க்க உதவும் அந்தக் கூண்டு வெறும் மாதிரி. அப்புறம் இரும்புக் குழாயை வளைத்து, வெல்டிங் செய்து, சஸ்பென்ஷனும் எஞ்சினும் பொருத்தி, சேற்றில் ஓட்டி, எது உடைகிறது என்று பார்க்கிறார்களே, அந்த வண்டிதான் புரோட்டோடைப்.

சரி, தமிழில்? ‘முன்மாதிரி’ பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் ஒரு நெருடல். முன்மாதிரி ஆசிரியர், முன்மாதிரி கிராமம் என்றால் குறையில்லாதது, மற்றவர்கள் பின்பற்ற வேண்டியது என்று பொருள். புரோட்டோடைப்போ குறையைக் கண்டுபிடிக்கவே பிறப்பது. மாணவர் செய்த வண்டி முதல் ஓட்டத்தில் சக்கர அச்சு முறிந்து நின்றால் அவர் தோற்றுவிடவில்லை. அதை அறியத்தானே அதைச் செய்தார்!

சட்டமன்றத்தில் ‘சட்ட முன்வடிவு’ என்கிறோம். விவாதித்து, திருத்தி, அதற்குப் பிறகே அது சட்டமாகும். அந்தப் பொருள்தான் இங்கே வேண்டும். அதனால் புரோட்டோடைப்புக்கு ‘முன்வடிவம்’ என்பேன். ரேபிட் புரோட்டோடைப்பிங் ‘விரைவு முன்வடிவாக்கம்’ ஆகும். பட்டறைப் பேச்சில் ‘புரோட்டோ’ என்றே இருக்கட்டும். அறிக்கையில் மட்டும் ‘இரண்டாம் முன்வடிவத்தில் அச்சின் விட்டத்தைக் கூட்டினோம்’ என்று எழுதிப் பாருங்கள்.