மருந்துக்கு மசியாத கிருமி

பாகூரில் பெரியம்மா வீட்டுப் பசுவுக்கு மடிநோய். மாட்டாஸ்பத்திரியில் காம்பு வழியாக மருந்து ஏற்றி, சில நாள் பாலைக் கறந்து கொட்டச் சொன்னார்கள். "ஆன்டிபயாட்டிக் போட்டும் கேக்கலடா. மாட்டு உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்றார் பெரியம்மா. பழகியது மாட்டு உடம்பு அல்ல, மடிக்குள் இருக்கும் பாக்டீரியா. இந்தக் குழப்பத்துக்கு நம் தமிழ்ச் சொல்லும் ஒரு காரணம்.

ஆன்டிபயாட்டிக் கிரேக்க வேர்ச்சொற்களால் ஆனது. 'ஆன்டி' எதிர், 'பயாஸ்' உயிர். ஓர் உயிர் இன்னொன்றை அழித்துத் தான் வாழ்வதை 1889இல் பிரெஞ்சுக்காரர் பால் வ்யூய்மேன் 'ஆன்டிபயோஸ்' என்றார். (பெயரைச் சரியாகச் சொல்லப் புதுச்சேரிப் பெரியவர்கள் யாரையாவது கேளுங்கள்.) 1940களில் நுண்ணுயிர் ஆய்வாளர் செல்மன் வாக்ஸ்மன் அதை மருந்துக்கான பெயராக்கினார்.

தமிழில் 'நுண்ணுயிர் எதிர்ப்பி' நிலைத்துவிட்டது. வைரஸையும் நுண்ணுயிர் என்றுதான் சொல்கிறோம், அதை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வம்பு அடுத்த சொல்லில். மருந்து 'எதிர்ப்பி', உடம்புக்கு இருப்பது 'நோய் எதிர்ப்பு', கிருமி மருந்தைத் தாங்கிக்கொண்டால் அதுவும் 'மருந்து எதிர்ப்பு'. யார் யாரை எதிர்க்கிறார்கள்? நோய் எதிர்ப்பு நல்லதென்றால், மருந்து எதிர்ப்பும் உடம்பின் பலம் என்றுதானே தோன்றும்?

கிருமியின் 'மருந்து எதிர்ப்பை' 'மசியாமை' என்று சொல்லலாம் என்பது என் கட்சி. வெந்த கீரை மசியும், பிடிவாதக்காரர் மசியமாட்டார். 'மருந்துக்கு மசியாத கிருமி' என்றால் குற்றவாளி யாரென்று சந்தேகமே வராது.

மசியாத கிருமி தொழுவத்தோடு நிற்பதில்லை. சாணம், காய்ச்சாத பால், கழுவாத கை, வாய்க்கால் தண்ணீர் வழியே மனிதருக்கு வரும், மனிதரிடமிருந்து மாட்டுக்கும் போகும். பாக்டீரியாவே இடம் மாறித் தங்கவேண்டும் என்றுகூட இல்லை, மசியாமையைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்னும் சின்ன டி.என்.ஏ. வளையத்தை இன்னொரு பாக்டீரியாவிடம் கொடுத்துவிட்டால் போதும். வேறு மருந்து கேட்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாட்டிக்கைக் கோழி, பன்றித் தீவனத்தில் கலந்தார்கள். கிருமியை அதற்கு மசியாமல் ஆக்கும் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணு, பிளாஸ்மிட்டில் ஏறிப் பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளியிலும் இருந்ததைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அந்த மருந்தை இந்தியா 2019இல் தடைசெய்தது.

"மாடு பழகல பெரியம்மா, கிருமிதான் மசியல" என்றேன்.

"சரி, கொட்டுற பாலைக் கன்னுக்குட்டிக்கு ஊத்தலாமில்ல?"

கூடாது. அந்தப் பாலில் இருக்கும் கொஞ்சம் மருந்து போதும், கன்றின் குடலில் மசியாததெல்லாம் தங்கிப் பெருக.