முதல் டைவ் கம்ப்யூட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

ஸ்கூபா டைவிங்கின் தொடக்கநிலையான ஓபன் வாட்டர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள், அடுத்த அந்தமான் பயணத்துக்கு முன் தவறாமல் கேட்கும் கேள்வி, எந்த டைவ் கம்ப்யூட்டரை வாங்கலாம் என்பது. நீருக்கடியில் இன்னும் எவ்வளவு நேரம் பாதுகாப்பாகத் தங்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டும் மணிக்கட்டுக் கருவி அது. கேட்கும்போதே கைப்பேசியில் நான்கைந்து மாதிரிகளின் ஒப்பீட்டுப் பட்டியலையும் காட்டுவார்கள். திசைகாட்டி உண்டா, சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டுமா, கைப்பேசியோடு இணையுமா என்பவையெல்லாம் அதில் இருக்கும். டைவ் பயிற்றுநராக நான் பதில் சொல்லத் தொடங்குவது அந்தப் பட்டியலில் இல்லாத இரண்டு விஷயங்களிலிருந்துதான். முதலாவது, அந்தக் கருவி எவ்வளவு எச்சரிக்கையோடு கணக்கிடுகிறது என்பது. இரண்டாவது, 30 மீட்டர் ஆழத்தில் மனம் சற்று மந்தமாகியிருக்கும் நிலையிலும் அதன் திரையை உங்களால் ஒரே பார்வையில் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா என்பது.

கருவி எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பது தெரிந்தால்தான் முதல் விஷயம் விளங்கும். கணக்குக்காக அது அளப்பது சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தையும் கடந்த நேரத்தையும் மட்டுமே. 30 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல் 4 மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தின் வழியே திசுக்களில் கரைந்து சேர்கிறது. அளவுக்கு மீறித் தங்கினாலோ வேகமாக மேலேறினாலோ அது குமிழிகளாக வெளிப்பட்டு, மூட்டுவலி முதல் கைகால் செயலிழப்பு வரை கொண்டுபோய் விடக்கூடும். ஆனால் உங்கள் உடலில் அந்த நேரத்தில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்பதை மணிக்கட்டில் கட்டிய எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. 1908-இல் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேனும் அவருடைய சகாக்களும் ஆடுகளை வைத்துச் செய்த சோதனைகளின் அடிப்படையில், உடலை வெவ்வேறு வேகத்தில் நைட்ரஜனை ஏற்கும் ஐந்து கற்பனைத் திசுக்களாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். பின்னாளில் சூரிச் நகரின் மருத்துவர் ஆல்பர்ட் பூல்மான் அதை 16 திசுக்களாக விரித்தார். அவற்றுள் மிக வேகமானதன் அரைநேரம் (நைட்ரஜன் பாதியளவு நிரம்ப ஆகும் நேரம்) 4 நிமிடம், மிக மெதுவானதன் அரைநேரம் 635 நிமிடம். இன்று விற்பனையில் உள்ள பல கம்ப்யூட்டர்களுக்குள் இயங்குவது இந்தக் கணக்கின் ஏதோவொரு வடிவமே. காலையில் படகில் வாந்தியெடுத்து உங்கள் உடலில் நீர்ச்சத்து குறைந்திருப்பதோ, முந்தைய இரவு நீங்கள் சரியாக உறங்காததோ, கடலடியில் நீரோட்டத்தை எதிர்த்து மூச்சிரைக்க நீந்தியதோ அந்தக் கணக்குக்குத் தெரியாது.

அப்படியானால் பழைய அட்டவணையே போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. பாடி (PADI) என்ற டைவ் பயிற்சி நிறுவனம் 1988-இல் வெளியிட்ட பொழுதுபோக்கு டைவ் அட்டவணை, முதல் டைவுக்கு 18 மீட்டரில் 56 நிமிடமும் 30 மீட்டரில் 20 நிமிடமும் அனுமதிக்கிறது. ஆனால் டைவ் முழுவதையும் நீங்கள் தொட்ட அதிகபட்ச ஆழத்திலேயே கழித்ததாகவே அது கணக்கு வைக்கும். பவளப்பாறையின் அடிவாரத்தில் 25 மீட்டரில் தொடங்கி, மெல்ல மேலேறி, 8 மீட்டரில் மீன்கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு முடிக்கும் டைவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கம்ப்யூட்டரோ ஆழம் மாறமாறக் கணக்கையும் மாற்றிக்கொண்டே வருகிறது.

இனி எச்சரிக்கையின் அளவுக்கு வருவோம். ஒரே படகிலிருந்து ஒன்றாக இறங்கி, ஒரே ஆழத்தில் அருகருகே நீந்திய இருவரின் கருவிகள், டீகம்ப்ரஷன் நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேறுவதற்காக மேலேறும் வழியில் கட்டாயமாகக் காத்திருப்பது) தேவைப்படாமல் இன்னும் எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதற்கு வெவ்வேறு எண்களைக் காட்டுவது பழுதன்று. முதல் டைவில் சிறிதாக இருக்கும் இந்த வேறுபாடு, ஒரு மணி நேர இடைவெளியில் இறங்கும் இரண்டாவது, மூன்றாவது டைவ்களில் வளர்ந்துவிடும். ஓஷியானிக் நிறுவனத்தின் பல மாதிரிகளில் உள்ள டீசாட் கணக்கு தாராளமானது என்று பெயர் பெற்றது. சூன்டோ கருவிகள், குறுகிய இடைவெளியில் மீண்டும் இறங்குவோருக்கும் வேகமாக மேலேறுவோருக்கும் அனுமதி நேரத்தைக் கூடுதலாகக் குறைக்கும். ஷியர்வாட்டர் பெரிக்ரின் 45/95, 40/85, 35/75 என்ற மூன்று நிலைகளைத் தருகிறது. இவற்றுள் இரண்டாவது எண், திசுக்கள் தாங்கும் நைட்ரஜனுக்குப் பூல்மான் வகுத்த உச்ச வரம்பில் எத்தனை சதவீதத்தோடு நீங்கள் நீர்மட்டத்துக்கு வரலாம் என்பதைக் குறிக்கும். கிரெஸ்ஸி லியொனார்டோ போன்ற எளிய கருவிகளிலும் எச்சரிக்கையை ஓரிரு படிகள் கூட்டிக்கொள்ள வசதி உண்டு.

இதில் எது சரி என்று கேட்டால், எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை உற்பத்தியாளருக்கு விட்டுவிடாமல் நீங்களே தீர்மானிக்க இடம்தரும் கருவியே சரி என்பேன். வயது 45-ஐத் தாண்டியவர்களும், உடல் பருமன் உள்ளவர்களும், தொடர்ந்து நான்கைந்து நாட்கள் இறங்கத் திட்டமிடுபவர்களும் ஒரு படி கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்; அதனால் இழப்பது ஒரு டைவில் சில நிமிடங்களே. உடன் இறங்கும் டைவ் கூட்டாளியின் கருவி உங்களுடையதைவிடக் குறைவான நேரத்தைக் காட்டினால் இருவரும் அந்தக் குறைந்த எண்ணுக்கே கட்டுப்பட வேண்டும். நிறுத்தத்தைப் புறக்கணித்து மேலேறினால் உங்கள் கருவி என்ன செய்யும் என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள். பல மாதிரிகள் 24 அல்லது 48 மணி நேரம் கணக்கிட மறுத்து, வெறும் ஆழமானியாக மாறிவிடும். அதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. புதியவர்களுக்கு அது நல்லது என்பது என் கருத்து.

திரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கடையின் வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். புதுச்சேரிக் கடலில் கலங்கிய நாட்களில் கைக்கெட்டும் தூரம்கூட மங்கலாகிவிடும்; அங்கே பின்னொளி இல்லாமல் படிக்க முடியாத சாம்பல்நிறத் திரை பயன்படாது. நாற்பதைக் கடந்து வாசிப்புக் கண்ணாடி அணியத் தொடங்கியவர்கள் முகக்கவசத்துக்குள் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள முடியாது என்பதால், அவர்களுக்கு எழுத்தின் அளவே முதல் தகுதி. கருவியைக் கடையில் கையில் கட்டி, கடைக்காரரிடம் டைவ் திரையைக் காட்டச் சொல்லி, இப்போதைய ஆழம், மீதமுள்ள அனுமதி நேரம், கடந்த நேரம் ஆகிய மூன்றையும் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் இரண்டு நொடியில் கண்டுபிடிக்கிறீர்களா என்று பாருங்கள். நிறுத்தம் கட்டாயமாகிவிட்டால் திரை எப்படி மாறும் என்பதையும் பாருங்கள். அனுமதி நேரம் இருந்த அதே இடத்தில் நிறுத்த நேரத்தைக் காட்டும் மாதிரிகளில், பதற்றத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வாடகைக் கருவி போதும் என்பவர்களுக்கு ஒரு விளக்கம். கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருப்பது தன்னைக் கட்டியிருந்த கையின் வரலாற்றைத்தான். காலையில் ஒன்றைக் கட்டி இறங்கிவிட்டு மாலையில் வேறொன்றை எடுத்தால், உங்கள் உடலில் மீந்திருக்கும் நைட்ரஜனை அந்த இரண்டாவது கருவி அறியாது. நீங்கள் அன்று முதன்முறையாக இறங்குவதாகவே எண்ணித் தாராளமாக நேரம் தரும். தம்பதியர் இருவருக்கு ஒரு கருவி என்பதும் இதே காரணத்தால் தவறு. வாடகைக்கு எடுத்தாலும், பயணம் முடியும்வரை அதே கருவி உங்களிடமே இருக்க வேண்டும் என்று டைவ் மையத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரியும் பலர் யோசிக்காதது. சூன்டோ சூப் நோவோ, லியொனார்டோ ஆகியவற்றில் நாணய வடிவ பேட்டரியை நீங்களே மாற்றலாம். உதிரி ஒன்றும், நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒன்றும் பையில் இருந்தால் தீவில் தவிக்க வேண்டியதில்லை. சில மாதிரிகளில் பேட்டரியைக் கழற்றினால் நைட்ரஜன் கணக்கு அழிந்துவிடும் என்பதால், டைவ் நாட்களுக்கு நடுவே மாற்றாதீர்கள். உற்பத்தியாளரிடம் அனுப்பித்தான் மாற்ற வேண்டும் என்றால், இந்தியாவில் அதற்கு வழி உண்டா என்று முன்பே விசாரியுங்கள்.

ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்றான நைட்ராக்ஸுக்குரிய கணக்கு இப்போது மலிவான கருவிகளிலும் இருக்கிறது. ஆழத்தில் ஆக்சிஜனே நஞ்சாகிவிடாமலிருக்க, அதன் பகுதியழுத்த (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) வரம்பை 1.4 பார் என்று வைத்தால் 32 சதவீதக் கலவையோடு சுமார் 33 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. ஆனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் சதவீதத்தைச் சரியாகப் பதித்தால்தான் கருவி எச்சரிக்கும். கம்பியில்லா அழுத்தமானி வசதியானது, முதல் கருவிக்கு அவசியமில்லை. ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா போன்ற கைக்கடிகாரங்கள் 40 மீட்டர் வரை, உரிய செயலியோடு, வேலை செய்கின்றன. என் தயக்கம் கணக்கைப் பற்றியதன்று, நாள் முழுவதும் அழைப்புகளுக்கும் உடற்பயிற்சிக்கும் பயன்பட்டு, படகு ஏறும்போது பாதி மின்னேற்றத்தோடு நிற்கும் கருவியைப் பற்றியது.

விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவதால், ஊர் திரும்பும் பயணமும் இந்தக் கணக்கில் அடங்கும். டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல், நிறுத்தம் தேவைப்படாத ஒற்றை டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்களுக்கோ பல நாள் டைவ்களுக்கோ பின் 18 மணி நேரமும் விமானம் ஏறாமல் இருக்கச் சொல்கிறது. நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிட நீண்ட இடைவெளி வேண்டும். சில கருவிகள் உங்கள் டைவ்களைக் கணக்கிட்டு இதைக் காட்டும், சில ஒவ்வொரு டைவுக்குப் பின்னும் 24 மணி நேரத்தை அப்படியே எண்ணும். உங்களுடையது எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்பு போர்ட் பிளேர்) சென்னைக்குக் காலை விமானம் என்றால், முந்தைய நாள் காலையிலேயே கடைசி டைவை முடித்துவிடுவது நல்லது.

கருவி நீருக்கடியில் செயலிழந்தால் டைவ் அங்கேயே முடிகிறது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் குறைந்தது 3 நிமிடம் நின்று, மேலே வந்தபின் 24 மணி நேரம் மீண்டும் இறங்காமல் இருக்க வேண்டும், ஏனெனில் உங்கள் கணக்கை வைத்திருந்தது அது ஒன்றுதான். நீண்ட பயணம் போகிறவர்கள் எளிய இரண்டாவது கருவி ஒன்றையும் ஒவ்வொரு டைவிலும் கூடவே கட்டிக்கொண்டால் அந்த ஒரு நாளை இழக்க வேண்டியிருக்காது. விலையுயர்ந்ததற்கு மாறும்போது பழையதை விற்றுவிடாமல் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவே.