வேரியன்ஸ்: தமிழில் பரவற்படி

ஒரே தொழிற்சாலைக்குள் ‘வேரியன்ஸ் அனாலிசிஸ்’ என்னும் தொடர் கணக்குப் பிரிவில் ஒரு பொருளிலும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முற்றிலும் வேறான பொருளிலும் வழங்குகிறது. செலவுக் கணக்காளருக்கு வேரியன்ஸ் என்பது, முன்கூட்டி வகுத்த செலவுக்கும் உண்மையில் ஆன செலவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். கிலோ 200 ரூபாய் என்று திட்டமிட்ட மூலப்பொருளை 212 ரூபாய்க்கு வாங்கினால் 12 ரூபாய் பாதகம். 190 ரூபாய்க்கு வாங்கினால் 10 ரூபாய் சாதகம். தரப் பொறியாளர் சொல்லும் வேரியன்ஸோ, ஒரு தொகுதி அளவீடுகள் தம் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்பதற்கான அளவை. ஒவ்வோர் அளவீட்டுக்கும் சராசரிக்கும் உள்ள விலக்கத்தை வர்க்கமாக்கி, அவ்வர்க்கங்களுக்குச் சராசரி கண்டால் அது கிடைக்கும். மாதிரி எடுத்த தரவாக இருந்தால் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு வகுப்பர். வர்க்கங்களால் ஆனதால் இது சுழியத்துக்குக் கீழே போவதில்லை. சாதகம், பாதகம் என்ற பேச்சும் இதற்குப் பொருந்தாது. இங்கு விளக்க எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பொருளையே.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘வாரியஸ்’ என்றால் பலவகையான, வேறுபட்ட என்று பொருள். அதிலிருந்து மாறுதலைக் குறிக்கும் வினையும், அவ்வினையிலிருந்து ‘வாரியான்ஷியா’ என்னும் பெயர்ச்சொல்லும் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போயின. ஆங்கிலத்தில் அது நெடுங்காலம் பிணக்கு, கருத்து முரண் என்ற பொருளில் வழங்கியது. வழக்குமன்றத்தில், மனுவில் சொன்னதும் சாட்சியத்தில் வந்ததும் ஒத்துப்போகாத நிலைக்கும் அதுவே பெயர். கணக்காளரின் வழக்கு இந்தப் பழைய பொருளுக்கு அருகிலேயே நிற்கிறது.

புள்ளியியல் பொருளைத் தந்தவர் ரொனால்ட் ஃபிஷர். மெண்டலின் மரபுக் கொள்கையை ஏற்றுக்கொண்டால் உறவினர்களுக்கிடையே உயரம் முதலிய பண்புகள் எவ்வாறு ஒத்திருக்கும் என்று ஆராய்ந்து, எடின்பரோ அரச கழகத்தின் வெளியீட்டில் 1918-ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரையில்தான் இச்சொல் கலைச்சொல்லாக அறிமுகமானது. பரவலை அளக்கத் திட்ட விலக்கம் என்னும் அளவை, அதாவது வேரியன்ஸின் வர்க்கமூலம், ஏற்கெனவே இருந்தது. கார்ல் பியர்சன் 1890-களிலேயே அதற்குப் பெயர் சூட்டியிருந்தார். அவ்வாறிருக்க, அதன் வர்க்கத்துக்குத் தனிப் பெயர் எதற்கு? ஒன்றையொன்று சாராத இரண்டு காரணங்கள் சேர்ந்து ஒரு பண்பை மாற்றும்போது, அவற்றின் திட்ட விலக்கங்கள் கூடுவதில்லை, வர்க்கங்களே கூடுகின்றன. கூடுகின்ற ஒன்றைத்தான் இன்ன காரணத்துக்கு இவ்வளவு, மற்றதற்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்க முடியும். பங்கு பிரிப்பதற்காகவே உண்டான கலைச்சொல் இது. இதை விட்டுவிட்டு வெறும் சூத்திரமாக மனப்பாடம் செய்பவர்களுக்கு, எளிய அலகிலுள்ள திட்ட விலக்கம் இருக்கும்போது கிராமின் வர்க்கம், மில்லிமீட்டரின் வர்க்கம் என்ற விந்தை அலகுகளில் ஓர் அளவை ஏன் தேவைப்படுகிறது என்பது கடைசிவரை விளங்காது.

ஃபிஷர் 1919-இல் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தபின், வேரியன்ஸ் அனாலிசிஸ் எனப்படும், பங்கு பிரிக்கும் அம்முறை வயல் தரவுகளில் முழு வடிவம் பெற்றது. அங்கிருந்து ஆலைகளுக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை.

ஆலைத் தரவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, பிரிட்டனின் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துப் புள்ளியியலாளர்கள் 1947-இல் வெளியிட்ட கையேட்டில் உள்ளது. நாஃப்தலீன் பிளாக் 12பி என்னும் சாயத்தின் விளைச்சல் ஒரே சீராக இல்லை. அதை ஆக்கப் பயன்படும் எச்-அமிலம் என்னும் இடைநிலைப் பொருளின் தரம் தொகுதிக்குத் தொகுதி மாறுவது அதற்கு எவ்வளவு காரணம் என்பதே கேள்வி. ஆலையில் உருவான 6 தொகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் கொண்டு ஆய்வகத்தில் 5 முறை சாயம் ஆக்கிப் பார்த்தனர். மொத்தம் 30 அளவீடுகளின் சராசரி 1527.5 கிராம், தொகுதிச் சராசரிகளோ 1470 முதல் 1600 வரை. எண்களைப் பார்த்ததுமே ‘தொகுதிதான் குற்றவாளி’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரே தொகுதியிலிருந்து ஆக்கிய சாயமும் 1440-லிருந்து 1595 வரை அலைந்திருக்கிறது என்பதைக் கண்டால் அந்த அவசரம் தணியும்.

கணக்கு இவ்வாறு போகிறது. தொகுதிகளுக்கிடையிலான வர்க்கக் கூட்டல், அதாவது விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை, 56,357.5. அதைக் கட்டின்மைப் பாகையான 5-ஆல் (6 தொகுதிகளில் ஒன்று குறைத்தது) வகுத்தால் 11,271.5. தொகுதிகளுக்குள்ளான வர்க்கக் கூட்டல் 58,830. அதை 24-ஆல் (30 அளவீடுகளில் 6 தொகுதிகளைக் கழித்தது) வகுத்தால் 2,451.25. இப்படி வகுத்துக் கிடைத்தவை சராசரி வர்க்கங்கள். இரண்டின் விகிதம் 4.60. தொகுதிகளிடையே உண்மையில் வேறுபாடே இல்லையென்றால், இவ்விகிதம் 100-க்கு 5 முறைதான் 2.62-ஐத் தாண்டும், ஆகவே தொகுதி வேறுபாடு தற்செயலன்று. பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆலைக்கு வேண்டியது அடுத்த படிதான். இரு சராசரி வர்க்கங்களின் வித்தியாசத்தைத் தொகுதி ஒன்றின் அளவீட்டு எண்ணிக்கையான 5-ஆல் வகுத்தால் 1,764 வருகிறது. இது தொகுதியின் பங்கு. எஞ்சியவற்றின் பங்கு 2,451. மொத்தம் 4,215-இல் தொகுதிக்கு உரியது சுமார் 42 விழுக்காடு. எச்-அமிலத்தை முற்றிலும் சீராக்கினாலும் விளைச்சலின் அலைவில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். இதையே திட்ட விலக்கத்தில் சொன்னால் தொகுதிக்கு 42 கிராம், எஞ்சியதற்கு 49.5 கிராம்; இரண்டையும் கூட்டினால் 91.5 வரும், ஆனால் உண்மையான மொத்தத் திட்ட விலக்கம் ஏறத்தாழ 65 கிராம்தான்.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் தரும் சொல் ‘விலக்க வர்க்கச் சராசரி’. எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பெயரே சொல்லிவிடுவதால் மாணவருக்கு அது உதவுகிறது. ஆனால் ‘பகுப்பாய்வு’, ‘கூறு’, ‘விகிதம்’ என்று அடுத்தடுத்த சொற்களை அதனோடு சேர்க்கத் தொடங்கியதும் தொடர் சுமக்க முடியாததாகிறது. ‘மாறுபாடு’ எளிய சொல், ஆனால் அதை வேரியேஷன் என்னும் பொதுப் பொருளுக்கு விட்டுவைப்பதே நல்லது. பட்டறையில் ‘அளவுல வேரியேஷன் வருது’ என்கிறவர் வர்க்கம் எதையும் கணக்கிட்டுச் சொல்வதில்லை. இலங்கைப் பாடநூல்களில் ‘மாறற்றிறன்’ என்கிறார்கள். புணர்ச்சி அழகானதுதான் என்றாலும், ‘இயந்திரத்தின் மாறற்றிறன்’ என்று எழுதினால், விரும்பியபடி மாறிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு என்று படிப்பவர் எண்ணக்கூடும். ஆலை எழுத்தில் இது சிறிய குறையன்று.

பரவல், படி என்னும் இரண்டும் புணர்ந்த ‘பரவற்படி’ இவற்றுள் பொருத்தமானது என்பது என் கருத்து. எதை அளக்கிறோம் என்பதைப் பரவல் சொல்கிறது. படி என்னும் சொல்லை அளவு என்ற பொருளில் கொள்ளலாம். பரவற்படிப் பகுப்பாய்வு, பரவற்படிக் கூறு, பரவற்படி விகிதம் என எல்லாச் சேர்க்கைக்கும் அது வளைந்து கொடுக்கிறது. கணக்காளரின் வேரியன்ஸுக்குச் ‘செலவு வேறுபாடு’ என்பதே போதும்.

பகுப்பாய்வு என்ற பின்பாதியையும் கவனிக்க வேண்டும். அது பரவல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டும். ஏன் வருகிறது என்பதைச் சொல்லாது. சாயத் தரவில் எஞ்சிய 2,451-க்குள் ஆய்வகத்தில் சாயம் ஆக்கும் முறையின் அலைவும் விளைச்சலை அளந்த சோதனையின் பிழையும் கலந்தே கிடக்கின்றன. ஆக்கிய ஒவ்வொரு சாயத்தையும் ஒரு முறைக்கு மேல் சோதித்திருந்தால் மட்டுமே அவற்றைத் தனித்தனியே காண முடியும். அந்த ஏற்பாட்டைத் தரவு திரட்டும் முன்பே செய்தாக வேண்டும்.