பந்தர்: துறைமுகமா, பட்டினமா?

பந்தர் (பெயர்ச்சொல், பாரசீகம்). 1. கப்பல் வந்து நின்று சரக்கு ஏற்றி இறக்கும் இடம். 2. அதையொட்டி வளர்ந்த வணிக ஊர். 3. கடல் வழியாக வரும் சரக்குக்குச் சுங்கம் வாங்கும் இடம். தமிழில் இடம் பார்த்து: துறை, துறைமுகம், பட்டினம்.

பந்தர் அப்பாஸ், பந்தர் லெங்கே, பந்தர் இமாம் கொமெய்னி என்று ஈரானின் தென்கரை நெடுகிலும் ஊர்ப் பெயர்களில் இந்தச் சொல் நிற்கிறது. தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் 'துறைமுகம்' என்று எழுதிவிடுகிறார்கள். முதல் பொருளுக்கு அது போதும். பழைய வணிகச் செய்திகளில் வரும் பந்தருக்குப் போதாது. அங்கே துறை, சந்தை, சுங்கம், வணிகர் குடியிருப்பு எல்லாம் சேர்ந்ததுதான் பந்தர். இயற்கையாக அமைந்த நல்ல துறை அதில் இருந்தே ஆகவேண்டும் என்றுகூட இல்லை. இதற்குச் சரியான எடுத்துக்காட்டு சீராஃப்.

பாரசீக வளைகுடாவின் வடகரையில், பூஷஹர் நகருக்குத் தென்கிழக்கே 200 கிலோமீட்டருக்கு அப்பால் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு கரைத்துண்டு. அண்மைக் காலம் வரை அங்கிருந்த மீனவச் சிற்றூரின் பெயர் தாஹிரி. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அதே இடத்தில் வளைகுடாவின் மிகப் பெரிய வணிக நகரம் இருந்தது. ஷீராஸ் நகருக்கு ஏறக்குறைய இணையான பரப்பு என்று எழுதுகிறார் 10ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் இஸ்தக்ரி. வீடுகள் பல அடுக்கு. கட்டியது தேக்காலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரங்களாலும். ஒரு வணிகர் தன் வீட்டுக்கு மட்டும் 30,000 தினார் (பொற்காசு) செலவழித்ததாகக் கேள்விப்பட்டதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். அந்த ஊரில் விளைச்சல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பழமும் நல்ல தண்ணீரும் பின்னாலிருந்த ஜம் மலைப்பக்கத்திலிருந்து வரவேண்டும். மண்ணை நம்பி யாரும் அங்கே குடியேறவில்லை.

பிறகு ஏன் அங்கே நகரம்? ஆழம்தான் காரணம். வளைகுடாவின் தலைப்பகுதியில் பஸ்ராவை ஒட்டி வண்டலும் மேடும் அதிகம், பெருங்கப்பல் தரைதட்டும். 851இல் தொகுக்கப்பட்ட அரபுப் பயண விவரம் ஒன்று நடைமுறையைச் சொல்கிறது: பஸ்ராவிலிருந்தும் ஓமானிலிருந்தும் சரக்கைச் சிறு கலங்களில் சீராஃபுக்குக் கொண்டுவந்து, அங்கே சீனத்துக்குப் போகும் கப்பல்களில் ஏற்றுவார்கள். 'சீனக் கப்பல்' என்று அதில் வருவது சீனத்து வணிகத்துக்குப் போன கப்பல். சீனர் கட்டியது என்று பொருள் கொண்டால் தவறும். சீராஃபின் கலங்கள் ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியவை. அந்த விவரத்துக்குப் பிற்சேர்க்கை எழுதிய அபூ ஸைத் இதைச் சீராஃபின் தனி அடையாளமாகவே குறிப்பிடுகிறார். அவரும் அந்த ஊர்க்காரர்தான்.

அதே விவரத்தில் பாதையும் இருக்கிறது. சீராஃபிலிருந்து மஸ்கத், அங்கே குடிநீர் நிரப்பிக்கொண்டு, காற்று நடுத்தரமாக இருந்தால் ஒரு மாதத்தில் 'கூலம் மலை', அதாவது மலைநாட்டுக் (இன்றைய கேரளத்து) கொல்லம். கொல்லத்தில் சீனத்துக்குப் போகும் கப்பலுக்கு 1,000 திர்ஹம் (வெள்ளிக்காசு) வரி. மற்றவற்றுக்கு ஒன்றிலிருந்து பத்து தினார் வரை. இந்தப் பயணம் வெறும் ஏட்டுச்செய்தி இல்லை என்பதற்கு 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு சான்று. வட்டெழுத்தில் எழுதிய அந்தக் கொல்லத்துச் சாசனத்தின் கடைசி ஏட்டில் சாட்சிகள் கூஃபி (பழைய அரபு எழுத்து), பஹ்லவி (பழைய பாரசீக எழுத்து), எபிரேய எழுத்துகளில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். பஹ்லவியும் எபிரேய எழுத்தில் உள்ளதும் மொழியால் பாரசீகமே. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களின் பெயர்களும் அந்தச் செப்பேட்டில் உண்டு.

சீராஃபின் வீழ்ச்சியை நிலநடுக்கத்தின் தலையில் மட்டும் கட்டுவது வழக்கம். 977ஐ ஒட்டி ஏழு நாள் நிலம் அதிர்ந்தது, மக்கள் கடலுக்கு ஓடினார்கள் என்று 10ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் முகத்தஸி எழுதியிருப்பது உண்மை. ஆனால் ஈரானில் புவைஹி மரபினரின் ஆட்சி வந்ததுமே ஊர் தளர ஆரம்பித்து, மக்கள் ஓமான் கரைக்குப் பெயரத் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்பவரும் அவரே. அதற்கும் முன்பே, 870களின் கடைசியில் சீனத்தில் ஹுவாங் சாவோ என்பவரின் கலகத்தில் குவாங்சோ துறைமுக நகரம் சூறையாடப்பட்டு, அங்கிருந்த அயல்நாட்டு வணிகர்கள் கொல்லப்பட்டார்கள். சீனம் வரை நேரே போகும் ஓட்டம் அதோடு அடிவாங்கியது. பின்னர் எகிப்தை ஆண்ட ஃபாத்திமி மரபினர் செங்கடல் வழியை வளர்த்தார்கள். வளைகுடாவுக்குள்ளேயே கிஷ் தீவு எழுந்து, வரும் கப்பல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இடிந்த ஊரை மறுபடி கட்டலாம். கப்பல் வராத ஊரை எதற்குக் கட்டுவது?

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புவியியலாளர் யாகூத் பார்த்தபோது மிச்சமிருந்தது ஏழைகள் சிலரும், தேக்குத் தூண்களோடு ஒரு பள்ளிவாசலும். வணிகர்கள் ஊர்ப்பெயரையே 'ஷீலாவ்' என்று சிதைத்துச் சொன்னார்களாம். அவர் தரும் இன்னொரு குறிப்புதான் நம் சொல்லுக்கு முக்கியம்: சீராஃபில் கப்பலுக்கு ஒதுக்கிடம் கிடையாது; இரண்டு பர்சக், அதாவது சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாபந்த் வளைவை எட்டும் வரை கலத்துக்கு ஆபத்து. இரண்டு நூற்றாண்டு வளைகுடா வணிகத்தை ஆண்ட ஊரில், காற்றுக்கு அடங்கிய துறை இல்லை! பந்தரைப் பந்தராக்கியது கிடங்கும் கடனும் சுங்கமும் கப்பல் முதலாளிகளும்தான்.

ஊர்ப்பெயருக்கு யாகூத் ஒரு கதையும் தருகிறார். வானில் பறக்கப்போன பாரசீகப் பழங்கதை மன்னன் கை காவூஸ் இங்கே விழுந்து 'ஷீர்', 'ஆப்' (பால், தண்ணீர்) கேட்டானாம். அது சீராஃப் ஆனதாம். ஊர்ப்பெயர்க் கதைகளுக்கே உரிய சுவை, அதற்குமேல் எடையில்லை. 1966 முதல் 1973 வரை டேவிட் வைட்ஹவுஸ் தலைமையில் நடந்த அகழாய்வில் பெரிய பள்ளிவாசல், அதற்கு அடியில் இஸ்லாமுக்கு முந்திய சாசானியர் காலக் கோட்டை, கடைத்தெரு, சீன மண்கலங்கள் எல்லாம் வெளிவந்தன. ஊருக்கும் இப்போது பழைய பெயர் திரும்பிவிட்டது: பந்தர் சீராஃப்.

இனிச் சொல்லின் பிறப்பு. பாரசீகத்தில் 'பந்த்' என்றால் கட்டு, தடுப்பு, அணை. ஷீராஸுக்கு அருகே 10ஆம் நூற்றாண்டில் புவைஹி மன்னர் அழுத் அத்தௌலா கட்டிய அணை பந்தே அமீர். வடமொழி 'பந்த'வும் அதன்வழித் தமிழுக்கு வந்த 'பந்தம்' என்பதும் இதற்கு ஒரே வேர் உறவு. பந்தர் என்பதை 'பந்த்' + 'தர்' (வாசல்) என்று பிரிப்பாரும் உண்டு. ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். 'காஹ்' (இடம்) சேர்ந்தால் 'பந்தர்காஹ்'. உருதுவிலும் இந்தியிலும் துறைமுகத்துக்கு இதுவே வழக்கு. துறையின் தலைவர் 'ஷாபந்தர்'. 1511இல் போர்த்துக்கீசியர் பிடிக்கும் முன் மலாக்காவில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். 'கெலிங்' எனப்பட்ட தமிழ்க்கரை வணிகர்கள், வங்காளம், பெகு (பர்மா), பாசாய் (சுமத்ரா) வணிகர்களோடு சேர்ந்து ஒரு ஷாபந்தரின் கீழ் வந்தார்கள். மலாய் மொழியில் பந்தர் துறையை விட்டு நகர்ந்து வெறும் 'நகரம்' ஆகிவிட்டது. துறைமுகத்துக்கு அவர்கள் சொல் வேறு. ஆந்திரத்து மசூலிப்பட்டினத்தை ஊர்மக்கள் இன்றும் பந்தர் என்றே சொல்வார்கள்; பந்தர் லட்டு அந்த ஊருடையது.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி. பதிற்றுப்பத்து 67ஆம் பாட்டில் 'பந்தர்ப் பெயரிய பேரிசை மூதூர்' என்று வருகிறது. 74இலும் அந்த ஊர் முத்தோடு வருகிறது. உடனே 'அரபு பந்தர், பாரசீகப் பந்தர்' என்று முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. ஒலி ஒற்றுமையைத் தவிர அதற்குப் பிடி இல்லை. பந்தல், பந்தர் என்பது சாம்பல், சாம்பர் போன்ற கடைப்போலி (பொருள் மாறாமல் கடைசி எழுத்து மட்டும் மாறுவது). 55ஆம் பாட்டில் 'நன்கல வெறுக்கை துஞ்சும் பந்தர்' என்பது கடற்கரையில் சரக்கு கிடக்கும் பண்டகசாலை. அப்படிப்பட்ட பந்தல்கள் நிறைந்த ஊர் அப்பெயர் பெறத் தமிழே போதும்; வெளியிலிருந்து கடன் வாங்கத் தேவையில்லை.

சரியான தமிழ் எது? கட்டுமானத்தையும் கப்பல் நிற்பதையும் மட்டும் சொல்லும்போது துறைமுகம். படகு அடையும் சின்ன இடமென்றால் துறை. நகரமும் சுங்கமும் சேர்ந்த வணிக ஊர் என்றால் பட்டினம். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் என்று அந்த முழுப்பொருளில் ஏற்கெனவே புழங்கும் சொல் அது. பட்டினப்பாலையில் சுங்கம் முடிந்த மூட்டைக்குப் புலிமுத்திரை இடுவதும் தொடக்கத்தில் தந்த மூன்றாம் பொருளுக்கு ஒத்த காட்சியே. ஆகவே 'சீராஃப் ஒரு துறைமுகம்' என்பதைவிட 'சீராஃப் ஒரு பட்டினம்' என்பதே நெருக்கம். பாண்டிய நாட்டுக் காயலுக்கும் அப்படியே. மார்க்கோ போலோ காலத்தில் அங்கே குதிரை இறக்கிய கப்பல்கள் ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து வந்தவை. கிஷ், மேலே சொன்னதுபோல, சீராஃபின் இடத்தைப் பிடித்த தீவு.

எழுத்தில் கவனிக்க வேண்டியவை. பாரசீகத்தில் அது பல்லொலி 'த'. ஆகவே பந்தர் அப்பாஸ் என்பதே சரி, 'பண்டார் அப்பாஸ்' ஆங்கில எழுத்துவழி வந்தது. மலேசிய, புருணை ஊர்ப்பெயர்களில் உச்சரிப்பு வேறு; அங்கே 'பண்டார்' என்று தமிழர் எழுதிவருவதை மாற்ற வேண்டாம். பண்டாரம், சிங்களப் பெயரான பண்டார ஆகியவை வேறு வேர். ஊர்ப்பெயரின் பகுதியாக வந்தால் மொழிபெயர்க்காமல் விட வேண்டும்: 'பந்தர் அப்பாஸ் துறைமுகம்' என்று எழுதலாம், கூறியது கூறல் ஆகாது, ஏனென்றால் முதல் சொல் இப்போது நகரத்தின் பெயர். 1614இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மீட்ட பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் பெயர் ஒட்டும் வரை அந்த ஊர் கம்ரூன்.