பேஸ் கிட்டார் சத்தம் எங்க தொலையுது?

மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் நடுவுல இருக்கற எங்க சர்ச் கொயர்ல 11 வருஷமா பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். போன பிரதிஷ்டை பண்டிகைக்கு வெளியில பந்தல் போட்டு பாட்டு ஆராதனை வச்சிருந்தாங்க, நான் என் ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்துலயே நின்னு வாசிச்சேன், எனக்கு நல்லா கேட்டுச்சு, முடிஞ்சப்ப மனசுக்கு நிறைவா இருந்துச்சு. மறுநாள் அசனத்துக்கு, அதாவது சர்ச் விருந்துக்கு, பந்தில உக்காந்திருக்கும்போது அம்மா மெதுவா கேட்டாங்க, "மக்களே, நேத்து நீ வாசிச்சியா? கை ஆடுனத பாத்தேன், சத்தம் ஒண்ணும் கேக்கலியே." அம்மா இருந்தது கடைசிக்கு முந்துன வரிசை.

யார்ட்ட கேட்டாலும் ஒரே பதில்தான் வந்துச்சு, வாட்ஸ் பத்தல, பெரிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்குன்னு. எனக்கு அத நம்ப முடியல. காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கம்பில இருந்து காது வரைக்கும் ஒவ்வொரு இடமா போய் பாக்கணும்னு கிட்டார கழட்டுனேன், அப்புறம் பாக்ஸ கழட்டுனேன், அதுல கத்துக்கிட்டததான் இங்க எழுதுறேன்.

நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ல போறவங்க ஆரல்வாய்மொழி தாண்டுனதும் முப்பந்தல் பக்கம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நிக்கற, கரண்ட் எடுக்கற காத்தாடிகள பாத்திருப்பீங்க. அதுக்குள்ள நடக்கறதும் பேஸ் கிட்டார் பிக்கப்புக்குள்ள, அதாவது கம்பிக்கு அடியில இருந்து கம்பி ஆட்டத்த கரண்டா மாத்தற பாகத்துக்குள்ள, நடக்கறதும் ஒண்ணுதான். ஒரு காயில் வழியா போற காந்தப்புலம் மாறிக்கிட்டே இருந்தா அந்த காயில்ல கரண்ட் பிறக்கும், 1831-ல ஃபாரடே கண்டுபிடிச்சது. காத்தாடில காத்து எதையோ சுத்த வைக்குது, பிக்கப்புல காந்தமும் அசையாது காயிலும் அசையாது, ஆடுறது கம்பி மட்டும்தான். கம்பி இரும்பு கலந்ததுனால பிக்கப் காந்தம் அதையும் காந்தமாக்கிருது, அந்த கம்பி மேல கீழ ஆடும்போது காயில் வழியா போற புலமும் கூட சேர்ந்து ஆடுது. நைலான் கம்பி மாட்டுனா இந்த பிக்கப்புக்கு ஒண்ணுமே கேக்காது, காரணம் இதுதான்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. கம்பி எவ்வளவு தூரம் ஆடுதுங்கறத பிக்கப் பாக்கறதில்ல, எவ்வளவு வேகமா ஆடுதுங்கறததான் பாக்குது. இருக்கறதுலயே தடிச்ச ஈ கம்பி கண்ணுக்கு தெரியற மாதிரி அகலமா ஆடும், ஆனா செகண்டுக்கு 41 தடவைதான், அதாவது 41 ஹெர்ட்ஸ், அதே கம்பிக்குள்ள 82, 124, 165-ன்னு வேகமான குட்டி ஆட்டங்களும் இருக்கு, பிக்கப் அந்த குட்டி ஆட்டங்கள கம்பி ஆடுற அளவ விட தூக்கலாவே எடுத்து கொடுக்கும். திருவிழா வீடியோவ மொபைல்ல போட்டு பாத்தா அந்த சின்ன ஸ்பீக்கர்ல 41 ஹெர்ட்ஸ் வரவே வராது, ஆனாலும் பேஸ் என்ன வாசிக்குதுன்னு ஓரளவு புரியும். இன்னும் மேல உள்ள வேகமான குட்டி ஆட்டங்கள கேட்டுட்டு அடியில 41 இருக்குன்னு மூளையே நிரப்பிக்கும்.

பிக்கப்ப கழட்டி மல்டிமீட்டர் வச்சு பாருங்க. காயில்ல சுத்தியிருக்கறது தலைமுடி மாதிரி 0.06 மில்லிமீட்டர் கம்பி, ஃபெண்டர் கம்பெனியோட பிரிசிஷன் பேஸ் டைப்ல சுமார் 10,000 சுத்து இருக்கும், ரெசிஸ்டன்ஸ் 10, 11 கிலோ ஓம் பக்கம் காட்டும், ஜாஸ் பேஸ் டைப்ல ஒரு பிக்கப்புக்கு 7, 8. ஒண்ணுமே காட்டலன்னா உள்ள எங்கயோ கம்பி அறுந்திருக்கு. குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்துல வீடு இருக்கறவங்க இத அடிக்கடி பாக்கணும், உப்புக் காத்துல ஜாக் சாக்கெட்டு பச்சை களிம்பு பிடிச்சுரும், கிட்டார் கம்பி துரு பிடிச்சு ஒரு மாசத்துல செத்த சத்தம் குடுக்கும். வாசிச்சு முடிச்சதும் துணி வச்சு தொடச்சு கவர்ல போட்டு வைங்க.

என் பிக்கப் ரெண்டும் நல்லா இருந்துச்சு. ஆனா ஹம், அதாவது கரண்ட்ல இருந்து வர்ற ம்ம்ங்கற இரைச்சல், இருந்துச்சு, அதையும் சொல்லிர்றேன், ஏன்னா சர்ச்சுல வாசிக்கற எல்லாரும் படுற பாடு அது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸ்ல ஈ கம்பி மூணாவது ஃப்ரெட்ல வர்ற ஜி 49 ஹெர்ட்ஸ். அதாவது ஹம் நம்ம வாசிக்கற எல்லைக்குள்ளயே, ஜி சுருதிக்கு ஒட்டி உக்காந்திருக்கு. அதனாலதான் ஜி ஸ்கேல் பாட்டுல ஹம் இருந்தா பேஸ் கலங்குன மாதிரி தெரியுது, ஈக்வலைசர்ல 50-ஐ வெட்டுனா ஹம்மோட சேர்த்து நம்ம ஜியும் போயிரும். ஹம்ம உள்ள நுழையற இடத்துலயே தடுக்கறதுதான் ஒரே வழி.

லியோ ஃபெண்டர் 1951-ல பிரிசிஷன் பேஸ் கொண்டு வந்தப்ப ஒரே காயில்தான், 1957-ல அத ரெண்டா உடைச்சாங்க, ஈ-ஏ கம்பிக்கு ஒரு பாதி, டி-ஜி கம்பிக்கு இன்னொரு பாதி. ரெண்டு பாதிக்கும் காயில் இணைப்பு எதிரெதிர், காந்தமும் எதிரெதிர். வெளியில இருந்து வர்ற ஹம்முக்கு காந்தம் எந்தப் பக்கம்னு கவலையே இல்ல, ரெண்டு காயில்லயும் ஒரே மாதிரி ஏறும், இணைப்பு எதிரெதிரா இருக்கறதால ஒண்ணையொண்ணு அழிச்சுரும். கம்பியோட சத்தத்துக்கு காந்தமும் திரும்பியிருக்கு காயிலும் திரும்பியிருக்கு, ரெண்டு தடவ திரும்புனா பழைய இடம்தானே, அது அழியாது. யோசிக்க யோசிக்க அழகான வேலை இது. 1960-ல வந்த ஜாஸ் பேஸ்ல ரெண்டு தனி பிக்கப், இப்ப வர்றதுல ரெண்டு வால்யூமும் முழுசா இருந்தா ஹம் இருக்காது, ஒண்ண குறைச்சா உடனே வரும். என்னோடது அந்த டைப் காப்பி. பண்டிகைக்கு சீரியல் செட் லைட் எல்லாம் போட்டதும் கரகரப்பு கூடுச்சுன்னா, அதுக்கு கிட்டார் உடம்புல பிக்கப் உக்கார்ற குழிக்குள்ள காப்பர் ஃபாயில் ஒட்டி கிரவுண்டோட சேர்த்து சாலிடர் வச்சா நல்லா குறையும், ஆனா டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல நின்னா வர்ற காந்த ஹம்முக்கு ஃபாயில் உதவாது, தள்ளி நிக்கணும். ஹம் போகணும்னு பிளக்ல இருக்கற எர்த் பின்ன மட்டும் யாரும் உடைச்சுராதீங்க, கிட்டார் கம்பி எல்லாம் கிரவுண்டோட சேர்ந்தது, ஆம்ப்ல கசிவு இருந்து எர்த்தும் இல்லன்னா அது உங்க கை வழியாதான் போகும், மழை நனைஞ்ச பந்தல்ல வெறுங்காலோட நிக்கறவங்க நாம.

ஆம்ப் பத்தி நிறைய சொல்ல வேண்டியதில்ல. பிக்கப் தர்றது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு, 8 ஓம் ஸ்பீக்கர்ல 100 வாட்ஸ் ஓடணும்னா 28 வோல்ட் வேணும், அந்த வித்தியாசத்த ஆம்ப் கட்டி குடுக்குது. வாட்ஸ டபுள் பண்ணா கூடுறது 3 டெசிபல்தான், காதுக்கு ரெண்டு மடங்கு சத்தம்னு தெரியணும்னா சுமார் 10 மடங்கு வாட்ஸ் வேணும், அதனாலதான் 100-ஐ வித்துட்டு 200 வாங்குங்கற யோசனை எனக்கு ஒத்து வரல. இன்னொண்ணு, நிறைய சர்ச்ல பேஸ நேரா மிக்சர் லைன் இன்புட்ல சொருகறாங்க, பிக்கப் வயர் போய் சேர்ற இன்புட்டோட ரெசிஸ்டன்ஸ் 1 மெகா ஓம் மாதிரி பெருசா இருக்கணும், லைன் இன்புட் 10, 20 கிலோ ஓம்தான், அதுல பிக்கப் மூச்சு முட்டி சத்தம் மங்கிரும். நடுவுல ஒரு டிஐ பாக்ஸ், பிக்கப் சிக்னல மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்தி குடுக்கற சின்ன பெட்டி, வச்சா தீந்துச்சு.

இப்ப ஸ்பீக்கர். பிக்கப்ப திருப்பி போட்டா அதுதான் ஸ்பீக்கர், அதே காந்தம் அதே காயில், அங்க ஆட்டத்துல இருந்து கரண்ட், இங்க கரண்ட்ல இருந்து ஆட்டம். ஸ்பீக்கர் ரெண்டு முனையிலயும் மல்டிமீட்டர வச்சு மில்லிவோல்ட்ல போட்டு கோன, அதாவது முன்னாடி தெரியற கூம்ப, மெதுவா விரலால தட்டுங்க, ரீடிங் துடிக்கும்.

கஷ்டம் என்னன்னா ஈ கம்பியோட சுருதிய காத்துல போடுறது சின்ன வேலை இல்ல. சுருதி ஒரு ஆக்டேவ் கீழ போனா, அதாவது ஹெர்ட்ஸ் பாதியானா, அதே அளவு சத்தத்துக்கு கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போகணும். அதுக்குத்தான் பெரிய கோன், இல்ல நிறைய கோன், 1969-ல ஆம்பெக் கம்பெனி 300 வாட்ஸ் ஆம்ப்புக்கு எட்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர் வச்சு சுமார் நாலடி உயர பாக்ஸ் கட்டுனது சும்மா இல்ல. அடுத்தது, கோன் முன்னாடி காத்த தள்ளும்போது பின்னாடி இழுக்குது. 41 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் நம்ம ஊர் வெயில்ல சுமார் எட்டரை மீட்டர், அவ்வளவு நீளமான அலைக்கு ஒரு அடி அகல ஸ்பீக்கர் ஒரு தடையே இல்ல, பின்பக்க காத்து சுத்தி வந்து முன்பக்கத்த நிரப்பிரும், பேஸ் அங்கயே செத்துரும். ஸ்பீக்கர பாக்ஸ்ல இருந்து கழட்டி வெறுமனே வச்சு பாட்டு போட்டு பாத்தவங்களுக்கு தெரியும். பாக்ஸ்ங்கறது அழகுக்கு இல்ல, பின்னாடி காத்த அடைச்சு வைக்கத்தான்.

முன்னாடி ஓட்டை இருக்கற பாக்ஸ் இன்னும் கெட்டிக்காரத்தனம். காலி சோடா பாட்டில் வாயில ஊதுனா ஒரு சத்தம் வருமே, அதேதான். பாட்டில்ல கொஞ்சம் தண்ணி ஊத்துனா சுருதி ஏறும், உள்ள காத்து குறைஞ்சதால. கழுத்து நீளமா இருந்தா சுருதி இறங்கும். பாக்ஸ்தான் பாட்டில், ஓட்டைல இருக்கற போர்ட் பைப் அதோட கழுத்து, ரெண்டையும் அளவு பாத்து வச்சா கோன் திணறுற சுருதில அந்த காத்தே கை குடுக்கும். ஆஸ்திரேலியால நெவில் தீலி 1961-லயும், பின்னாடி 70-கள்ல ரிச்சர்ட் ஸ்மாலும் இதுக்கு கணக்கு போட்டு வச்சிருக்காங்க, ஸ்பீக்கரோட டேட்டா ஷீட்ல வர்ற நம்பர் எல்லாம் அந்த கணக்குக்குத்தான். நம்ம ஆசாரிமார் 18 எம்எம் பிளைவுட்ல கல்லு மாதிரி பாக்ஸ் அடிப்பாங்க, வேலைல குறையே சொல்ல முடியாது, ஆனா வேற ஸ்பீக்கருக்கு போட்ட அளவ குடுத்து அடிக்க சொன்னா அது நாம பண்ற தப்பு. போர்ட் சுருதிக்கு கீழ போனா உள்ள காத்து கோன பிடிக்காது, அஞ்சு கம்பி பேஸ்ல பி கம்பி 31 ஹெர்ட்ஸ், அதுல கோன் கட்டுப்பாடு இல்லாம துள்ளும், கிழியறது பெரும்பாலும் அங்கதான்.

என் பாக்ஸ்ல ரெண்டு 10 இஞ்ச். பண்டிகைக்கு முந்துன மாசம் ஒண்ணுல காயில் போச்சுன்னு வெளியில குடுத்து ரீகோன் பண்ணி, அதாவது கோனையும் காயிலையும் புதுசா மாத்தி, வாங்கி மாட்டியிருந்தேன். ஒரு நாள் ராத்திரி ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரிய எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் ப்ளஸ்ல ப்ளஸ், மைனஸ்ல மைனஸ்னு ஒரு நொடி தொட்டு பாத்தேன். முதல் கோன் வெளிய குதிச்சுது. ரீகோன் பண்ணுன கோன் உள்ள போச்சு. காயில் கம்பிய முனை மாத்தி சாலிடர் பண்ணியிருக்காங்க. பல்ல கடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன், ஒரு பண்டிகை முழுக்க நான் வாசிச்சது இதுலதான் போயிருக்கு.

ஒரு கோன் வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்குது, எட்டரை மீட்டர் அலைக்கு அந்த ரெண்டு கோனும் ஒரே இடம்தான், ப்ளஸ்ஸும் மைனஸ்ஸும் கூட்டி பூஜ்யம். விரல் படுற டிக் சத்தம் மாதிரி மேல் சுருதிகளுக்கு அலை ஒரு சாண், ரெண்டு சாண்தான், அதுக்கு ரெண்டு கோனும் வேற வேற தூரத்துல இருக்கறதால முழுசா அழியாது. பாக்ஸ் பக்கத்துல நின்ன எனக்கு கேட்டது அந்த மிச்சம். அம்மா இருந்த இடத்துக்கு அதுவும் போகல. வயர மாத்தி போட்டேன், அஞ்சு நிமிஷ வேலை, ஈ கம்பிய தட்டுனதும் ஜன்னல் கண்ணாடி நடுங்குச்சு.

அதுக்கப்புறம் இன்னொரு தொல்லை பாக்கியிருந்துச்சு, பிராக்டிஸ் ரூம். அதோட அகலம் 14 அடி, அதாவது சுமார் 4.25 மீட்டர், ஈ கம்பி அலையோட சரி பாதி. பாதி அலை ரெண்டு சுவருக்கும் நடுவுல கச்சிதமா உக்காந்துரும், சுவர் ஓரத்துல நிக்கறவங்களுக்கு ஈ இடி மாதிரி கேக்கும், ரூம் நடுவுல அது இருக்கவே இருக்காது. நான் எப்பவும் நிக்கறது நடுவுல. கேக்கலன்னு நான் பேஸ் நாப்ப ஏத்த, சுவர் ஓரம் பெஞ்சுல இருக்கற ஆல்ட்டோ பாடுற அக்காமார் காதப் பொத்த, இப்படியே பல வருஷம் ஓடியிருக்கு. இப்ப நான் சுவர்ல இருந்து மூணடி தள்ளி நிக்கிறேன், நாப் பாதிலதான் இருக்கு.