பத்திரத்தில் 45, அரசிதழில் 32

கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை வைத்திருக்கும் ஒருவர், நிலமெடுப்பு அறிவிக்கை வெளியாகி 21 நாள் கடந்த பிறகு என்னிடம் வந்தார். நாளிதழில் அதைப் பார்த்திருந்தும், '32ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை' என்றிருந்ததால் வேறு ஏதோ சாலை என்று விட்டுவிட்டார். அவருடைய பத்திரத்தின் நான்கெல்லையிலோ 'மேற்கே 45ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை' என்றிருந்தது. இரண்டும் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) சாலைதான்.

2010இல் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை நாடு முழுவதும் மாற்றியது. வடக்கு தெற்காகச் செல்பவை இரட்டைப்படை எண் பெற்றுக் கிழக்கிலிருந்து மேற்காகவும், கிழக்கு மேற்காகச் செல்பவை ஒற்றைப்படை எண் பெற்று வடக்கிலிருந்து தெற்காகவும் ஏறிச்செல்லும். கிளைச்சாலைகளுக்கு மூன்றிலக்க எண். இதன்படி பழைய 45, சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, பிறகு திருச்சி வரை 38 என்று பிரிந்தது. பெங்களூரு சாலையான 4, இன்று 48. கொல்கத்தா சாலையான 5, இன்று 16. பழைய எண்கள் மறைந்துவிடவுமில்லை: இன்றைய 4 அந்தமானிலும், இன்றைய 45 மத்தியப் பிரதேசத்திலும் இருக்கின்றன.

இதைவிடச் சிக்கலானது புறவழிச்சாலை. ஊருக்கு வெளியே அது திறக்கப்பட்டதும் நெடுஞ்சாலை எண் பெரும்பாலும் அதற்குப் போய்விடும். ஊருக்குள் உள்ள பழைய சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையிடமோ உள்ளாட்சியிடமோ ஒப்படைக்கப்படலாம். ஆகவே வெவ்வேறு ஆண்டுப் பத்திரங்களில் ஒரே எண் இருந்தாலும், அது ஒரே சாலையைத்தான் குறிக்கும் என்று நம்ப இயலாது.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956இன் 3ஏ பிரிவின் கீழ் அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை அளிக்க வேண்டும். அளித்தவருக்கு நேரில் கேட்கப்படும் உரிமை உண்டு. அடுத்து 3டி பிரிவின் கீழ் அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசைச் சேர்ந்துவிடும். அதன்பின் பெரும்பாலும் இழப்பீட்டுத் தொகையைப் பற்றி மட்டுமே பேச முடியும். என்னிடம் வந்தவர் அந்த நிலையில்தான் இருந்தார், அது இன்றும் எனக்கு வருத்தமே.

எனவே அறிவிக்கையைக் காணும்போது சாலை எண்ணைப் பார்த்து ஒதுக்கிவிடாமல், கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் உங்கள் பட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாகப் பத்திரம் எழுதும்போது 'முன்னர் 45, தற்போது 32' என்று இரு எண்களையும், மக்கள் வழங்கும் சாலைப் பெயரையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.